முகாமுக்கு முன் 56 ஆள்நாள்: தன்னார்வலருக்கும் அணித்தலைவருக்கும் எந்தப் பயிற்சி?

ஒரு பள்ளியோ ஊர் மன்றமோ 48 பிள்ளைகளை இரண்டு இரவு வெளியில் தங்கவைக்கப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வயது 11 முதல் 16 வரை. அணிக்கு 8 பேராக 6 அணி, ஒவ்வொன்றுக்கும் பதினான்கு பதினைந்து வயதில் ஓர் அணித்தலைவர். கூடப் போக 8 பெரியவர்கள்: இரண்டு மூன்று ஆசிரியர்கள், சில பெற்றோர், கல்லூரி முடித்த பழைய மாணவர்கள். இடம் ஏலகிரி, ஜவ்வாதுமலை, கொல்லிமலை மாதிரி ஏதோ ஒரு மலையடிவாரத் தோப்பு.

8 பேர் அதிகமோ என்று தோன்றலாம். பத்தரை முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்ல பிரிட்டன் சாரணர் அமைப்பு வைத்திருக்கும் கணக்கு 12 பேருக்கு ஒரு பெரியவர். அந்த விகிதத்தை மட்டும் பார்த்தால் 48 பேருக்கு 4 பேர் போதும். ஆனால் அது குறைந்தபட்சக் கணக்கு. ஒரு பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பெரியவர்கள் போக வேண்டும், ஏனென்றால் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக எங்கும் போகக் கூடாது. மீதி இருவர் 47 பிள்ளைகளுடன் விடியும் வரை விழித்திருக்க முடியாது. ஆகவே 8.

இந்த 8 பேரையும் 6 அணித்தலைவர்களையும் எப்படித் தயார் செய்வது என்பதுதான் கேள்வி. பணத்தைவிட இங்கே அரிதான சரக்கு நாட்கள். விடுப்பு எடுத்து வரும் தன்னார்வலரின் ஒரு நாளை ஓர் ஆள்நாள் என்று கணக்கிட்டுப் பார்த்தால் ஒப்பிடுவது எளிது. 8 பெரியவர்களையும் 7 நாள் சாரணப் பயிற்சிக்கு அனுப்பினால் 56 ஆள்நாள். இருவரை மட்டும் மலையேற்ற நிறுவனத்தின் 28 நாள் பயிற்சிக்கு அனுப்பினாலும் 56. பெரியவர்களும் அணித்தலைவர்களுமாக 14 பேரும் இரண்டு வார இறுதி, அதாவது 4 நாள், சொந்த இடத்தில் கூடிப் பழகினால் அதுவும் 56 தான். செலவு ஒன்றே. கிடைப்பது ஒன்றல்ல.

7 நாள் சாரணப் பயிற்சி

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பெரியவர்களுக்கான பயிற்சி படிப்படியாக அமைந்தது. ஒரு நாள் அறிமுகம், பிறகு 7 நாள் அடிப்படைப் பயிற்சி, சொந்தப் படையைக் கொஞ்சகாலம் நடத்திய பின் 7 நாள் மேல்நிலைப் பயிற்சி, அதற்கும் மேலே ஹிமாலயா வுட் பேட்ஜ் என்ற உயர் தகுதி. கழுத்தில் தோல்வாரில் கோத்த இரண்டு மரமணிகள் அதற்குத்தான். மூன்று மணியும் நான்கு மணியும் பயிற்சி கொடுப்பவர்களுக்கு. தேசியப் பயிற்சி மையம் மத்தியப் பிரதேசத்தில் பச்மரியில் இருக்கிறது. அடிப்படைப் பயிற்சிக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, மாநில, மாவட்ட அளவிலேயே நடத்துகிறார்கள்.

இதன் பெரிய பலம், வந்த ஆசிரியர்களையே அணிகளாகப் பிரித்து, கூடாரத்தில் தங்கவைத்து, கொடியேற்றம் முதல் பாசறைத் தீ வரை அவர்களையே செய்யவைப்பது. நாற்பது வயது ஆசிரியர் ஒருவர் ஓர் அணித்தலைவரின் கீழ் ஒரு வாரம் பாத்திரம் கழுவினால், பத்து புத்தகம் சொல்லித்தராத ஒன்று அவருக்குத் தெரியவரும்: தலைவன் கத்தினால் அணி எப்படிச் சுருங்குகிறது, வேலையைப் பிரித்துக் கொடுத்தால் எப்படி நகர்கிறது என்று. முடிச்சு, கட்டு, திசையறிதல், வழிக்குறி, ஒரு வேளை பாத்திரமில்லாச் சமையல் எல்லாம் கையால் செய்து பழகலாம்.

குறை எங்கே? இது ஓர் இயக்கத்தின் பயிற்சி. உறுதிமொழி, சட்டம், வரலாறு, சோபான் எனப்படும் சாரணர் படிநிலைகளின் பாடத்திட்டம், பதிவேடு, சீருடை என்று அந்த இயக்கத்துக்கு உரியவை கணிசமான நேரத்தை எடுத்துக்கொள்ளும். பள்ளியில் சாரணர் படை இருந்தால் அது வீணல்ல, அவசியம். படை இல்லாத மன்றத்துக்கு அந்த மணிநேரங்கள் அவ்வளவாகப் பயன்படாது. இன்னொன்று, பயிற்சி நடப்பது வேறொரு மைதானத்தில், முன்பின் அறியாத அணியுடன். திரும்பி வந்தவருக்கு அணி முறை தெரியும். ஆனால் தன் பள்ளிப் பிள்ளைகளும் கூட வரும் மற்ற 7 பேரும் அதே முறையில் பழகியிருக்க மாட்டார்கள். ஒருவர் அணித்தலைவர் மூலம் சொல்ல, இன்னொருவர் நேரே பிள்ளையைக் கூப்பிட்டு வேலை ஏவுவார். முதல் நாள் மாலைக்குள் அணித்தலைவருக்கு மரியாதை போய்விடும்.

அதனால் 8 பேரையும் அனுப்புவது தேவையில்லை. ஒருவரை மட்டும் அனுப்புவதும் சரிவராது. அவர் மாற்றலாகிப் போனால் எல்லாம் அவரோடு போகும். இருவர் என்பதே சரியான எண். கலப்புக் குழுவென்றால் ஓர் ஆண், ஒரு பெண்.

மலையேற்ற நிறுவனங்கள்

டார்ஜிலிங்கில் 1954 இல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனம், உத்தரகாசியில் 1965 இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம், மணாலி, பஹல்காமில் உள்ளவை என்று நாட்டில் தரமான பயிற்சி இடங்கள் உண்டு. டார்ஜிலிங்கில் களப்பயிற்சிக்கு முதல் இயக்குநராக இருந்தவர் டென்சிங் நார்கே. அடிப்படை மலையேற்றப் பயிற்சி ஏறக்குறைய 4 வாரம். பாறை, பனி, பனிக்கட்டி ஆகிய மூன்றிலும் ஏறப் பழக்குகிறார்கள். கயிறும் கருவியும் கையாள்வதில் இதைவிடக் கண்டிப்பான பள்ளிக்கூடம் கிடையாது.

ஆனால் இந்த முடிவுக்கு இது பொருந்துமா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் மிக உயரமான இடமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். உயரநோய் பொதுவாகத் தலைகாட்டுவதே 2,500 மீட்டருக்கு மேல். பனிக்கோடரியும் பனிச்சரிவில் விழுந்தவர் தன்னை நிறுத்திக்கொள்ளும் வித்தையும் ஏலகிரித் தோப்பில் பயன்படப் போவதில்லை. அதைவிட முக்கியம், அடிப்படைப் பயிற்சி ஒருவரை நல்ல ஏறுநர் ஆக்குகிறது, பயிற்றுநர் ஆக்குவதில்லை. மற்றவருக்குக் கற்றுத்தரும் முறைக்குத் தனிப் பயிற்சி இருக்கிறது. அடுத்த நிலைப் பயிற்சியையும் நல்ல தரத்தில் முடித்தவர்களைத்தான் அதில் சேர்ப்பார்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மலையேறத் தெரிந்த துடிப்பான இளைஞர் ஒருவர் கயிறு கட்டிப் பிள்ளைகளைப் பாறையில் இறக்கத் தொடங்கிவிடுவார். தான் இறங்குவது வேறு. பயந்து பாதிவழியில் நின்றுவிட்ட 12 வயதுப் பிள்ளையை மேலிருந்தே பத்திரமாகக் கீழிறக்குவது வேறு. இரண்டாவது தெரியாதவர் முதலாவதை நடத்தக் கூடாது.

உங்கள் திட்டத்தில் ஆண்டுதோறும் பாறையேற்றம் உண்டு, அதை உங்கள் ஆட்களே நடத்தப்போகிறார்கள் என்றால் மட்டும் இந்த வழிக்குப் போங்கள்.

சாகச நிறுவனத்திடம் ஒப்படைத்தல்

ஆள்நாள் எதுவும் செலவாகாத வழி இது. கயிறு இறக்கம், கம்பிச் சறுக்கு, படகு எல்லாவற்றுக்கும் அவர்களே ஆள் கொண்டுவருவார்கள். தன்னார்வலர்களுக்கு அரை மணி நேர விளக்கம் போதும் என்பார்கள். நல்ல நிறுவனமாக இருந்தால் கயிற்று வேலையை அவர்களிடம் விடுவது, அரைகுறையாகக் கற்றவர் செய்வதைவிட எத்தனையோ மடங்கு பாதுகாப்பு. கேட்க வேண்டியவை சில உண்டு. இடுப்புப் பட்டையும் கயிறும் எந்த ஆண்டு தயாரித்தவை என்று லேபிளைக் காட்டச் சொல்லுங்கள். துணியால் ஆன ஏறுகருவிகளைப் பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் 10 ஆண்டோடு கழித்துவிட வேண்டும் என்பதே பெரிய தயாரிப்பாளர்களின் கணக்கு. கயிறு ஒரே மரத்திலோ ஒரே பாறையிலோ கட்டியிருக்கிறதா, ஒன்று விட்டாலும் தாங்க இன்னொரு பிடிப்பு உண்டா? பாதியில் ஒரு பிள்ளை தொங்கிவிட்டால் எப்படி இறக்குவீர்கள், இப்போது செய்துகாட்டுங்கள் என்று கேளுங்கள். தயங்காமல் செய்துகாட்டுபவரிடம் பிள்ளையைக் கொடுக்கலாம்.

ஓட்டை விழுவது கயிற்றில் அல்ல, மாலை 6 மணிக்குப் பிறகு. அன்றைய சாகசம் முடிந்ததும் பயிற்றுநர்களின் வேலை முடிந்தது. பிள்ளைகளை ஆசிரியர் பார்ப்பார் என்று அவர்கள் நினைப்பார்கள், நிறுவனத்துக்காரர் பார்ப்பார் என்று ஆசிரியர்கள் நினைப்பார்கள். குளிக்கப் போகும் நேரம், இருட்டில் கழிப்பறைக்குப் போகும் நேரம், சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே உள்ள இரண்டு மணி நேரம், இவை யார் கணக்கிலும் வராது. 2014 ஜூன் 8 அன்று ஹிமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றில் இறங்கி நின்ற ஹைதராபாத் பொறியியல் மாணவர்களில் 24 பேரை, லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் அடித்துச் சென்றது. அது சாகசம் எதுவும் நடந்த நேரமல்ல. போகிற வழியில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்க இறங்கிய நேரம்.

ஆக, நிறுவனத்தை அமர்த்தினாலும் தன்னார்வலர் பயிற்சி மிச்சமாவதில்லை. கயிறு பற்றிய பகுதி மட்டுமே குறையும். காட்டுக்குள் நடை என்றால் தமிழ்நாட்டில் இன்னொரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீயில் 23 உயிர்கள் போன பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் வனத்துறை தொடங்கிய திட்டத்தில், அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்களையே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தியிருக்கிறார்கள். காட்டையும் யானைத் தடத்தையும் தெரிந்துகொள்ள வெளியூர்த் தன்னார்வலருக்குப் பயிற்சி கொடுப்பதைவிட, அவர்கள் பின்னால் நடப்பதே மேல். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் கால்வைக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

முதலுதவி: எது போதும்?

செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவை நடத்தும் ஓரிரு நாள் பயிற்சிகள்தான் எளிதில் கிடைப்பவை. சி.பி.ஆர்., அதாவது 30 அழுத்தம் 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம், இதைப் பொம்மையின் மேல் செய்து பழக வேண்டும். படம் பார்த்து வராது. ரத்தப்போக்கு, எலும்புமுறிவு, தீப்புண், மயக்கம் எல்லாம் அதில் அடங்கும். இந்தப் பயிற்சியின் உள்ளே ஓர் எண்ணம் இருக்கிறது: கொஞ்ச நேரத்தில் 108 வந்துவிடும். மலையடிவாரத்தில் அது எப்போதும் நடக்கும் என்று சொல்ல முடியாது. உதவி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடங்களுக்கென்றே வனவெளி முதலுதவி என்று தனிப் பயிற்சி உண்டு. குறுகியது 16 முதல் 20 மணி நேரம், முழுமையானது 70, 80 மணி நேரம். முசூரியில் ஹனிஃபில் மையம் போன்ற இடங்களில் கிடைக்கிறது. ஆண்டுக்கு நான்கைந்து முகாம் நடத்துகிற அமைப்பு ஒருவரையாவது அனுப்பலாம். ஒரு முகாம் நடத்துகிற பள்ளிக்கு, 4 பேருக்கு 2 நாள் சாதாரணப் பயிற்சியும் அதில் விடுபடுவதை உள்ளூர் அரசு மருத்துவர் ஒருவரிடம் கேட்டு நிரப்பிக்கொள்வதும் போதும்.

விடுபடுவதில் முதலாவது பாம்புக்கடி, அதிலும் கட்டுவிரியன். நாகம், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடித்தால் பெரும்பாலும் வலியும் வீக்கமும் காட்டிக்கொடுத்துவிடும். கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். வலி அநேகமாக இருக்காது, வீக்கமும் இருக்காது, பல்தடம்கூடத் தெரியாது. விடிகாலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எழுந்திருக்கும். சிறிது நேரத்தில் கண் இமை தொங்கும், பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. இது தெரியாத தன்னார்வலர் நேற்று ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத்தண்ணீர் கொடுத்துப் படுக்கவைப்பார். போகும் நேரம் உயிரின் நேரம். தரையில் படுத்த பிள்ளைக்கு விடிகாலை வயிற்றுவலி என்றால் முதலில் இமையைப் பார் என்பதை 8 பேருக்கும் மனப்பாடம் ஆக்க வேண்டும். கடித்தது எதுவானாலும் கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்று, காலையோ கையையோ மட்டைவைத்து அசையாமல் கட்டு, நடக்கவிடாதே, நேரத்தைக் குறித்துக்கொள், விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாச வசதியும் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போ.

இரண்டாவது தூக்கிச் செல்வது. இரண்டு மூங்கிலும் ஒரு போர்வையும் வைத்து டோலி கட்டுவதை வகுப்பில் காட்டிவிடுவார்கள். 45 கிலோ பிள்ளையை அதில் வைத்து ஒரு கிலோமீட்டர் மேடுபள்ளத்தில் தூக்கிப் பார்த்தால்தான் 4 பேர் போதாது, 8 பேர் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும் என்பது புரியும். அப்போதுதான் வண்டி வந்து நிற்கும் இடத்திலிருந்து முகாம் எவ்வளவு தூரத்தில் இருக்கலாம் என்ற முடிவும் தானாக வரும்.

மூன்றாவது தீப்புண். அணிகள் தாமே சமைக்கிற முகாமில் கொதிக்கும் சாம்பார்தான் முதலில் எதிர்பார்க்க வேண்டிய ஆபத்து. ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். பற்பசை, மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். 20 நிமிடம் ஊற்றத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் 20 லிட்டர் வாளி ஒன்று தனியாக, வேறெதற்கும் தொடாமல் நிற்க வேண்டும்.

சொந்த இடத்தில், சொந்த ஆட்களோடு

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் சோதனை முகாமிலேயே சிறுவர்களை அணிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பொறுப்பையும் ஒரு சிறுவனிடம் கொடுத்துவிட்டார்கள். பெரியவர்களுக்கான முதல் வுட் பேட்ஜ் பயிற்சி லண்டன் அருகே கில்வெல் பூங்காவில் தொடங்கியது 1919 இல். முதலில் வந்தது அணித்தலைவன், பெரியவர்களின் சான்றிதழ் 12 ஆண்டு கழித்து. நம் முகாம்களில் இது தலைகீழாக இருக்கிறது. பெரியவர்களுக்குப் பயிற்சி, அணித்தலைவர்களுக்கு ஒரு விசில். எங்கள் பார்வையில் 56 ஆள்நாளில் பாதி அணித்தலைவர்களும் பெரியவர்களும் சேர்ந்து இருக்கும் பயிற்சிக்கே போக வேண்டும்.

அதற்கு ஒரு வார இறுதி போதும், ஆனால் நடுவில் ஓர் இரவு கட்டாயம் தங்க வேண்டும். பள்ளி மைதானமே போதும். 6 அணித்தலைவர்களும் சேர்ந்து ஓர் அணி. வேலைக்கு வேலை ஒருவர் தலைவர். கற்றுத்தரும் முறைக்கு நான்கு படி: சொல், செய்துகாட்டு, கூட இருந்து செய்யவை, விட்டுவிடு. அமெரிக்கச் சாரணர்கள் தங்கள் இளைஞர் பயிற்சியில் அடிப்படையாக வைத்திருப்பதும் இந்த நான்கைத்தான். பெரும்பாலானோர் இரண்டாவது படியோடு நின்றுவிடுகிறார்கள். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கட்ட, 8 பேர் வேடிக்கை பார்ப்பார்கள். ஆளுக்கு இரண்டரை மீட்டர் கயிறு, 8 மில்லிமீட்டர் தடிமன், எட்டு பேருக்கு எட்டு துண்டு. இதில்லாமல் முடிச்சு வகுப்பு நடத்தவே கூடாது. அணித்தலைவர் ஒரு முடிச்சை 8 நிமிடத்தில் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்து, அவர் மூன்றாமவருக்குக் கட்டிக்காட்டினால் தேறினார் என்று கொள்ளலாம்.

பெரியவர்கள் கற்க வேண்டியது இதே இரண்டு நாளில் வேறொன்று, இதைவிடக் கடினம்: கையைக் கட்டிக்கொண்டு நிற்பது.

அடுப்பு மூட்டும் வேளையைப் பாருங்கள். முதல் நாள் மழை பெய்து விறகு ஈரம். அணித்தலைவர் மணிக்கட்டுத் தடிமனில் உள்ள கட்டைகளை அடுக்கி அடியில் காகிதம் வைத்துப் பற்றவைக்கிறார். காகிதம் எரிந்து அணைகிறது. இன்னொரு முறை. புகை, கண்ணீர். பக்கத்து அணியில் தீ பிடித்துவிட்டது. இந்த நொடியில் பெரியவர் உள்ளே நுழைவார். "நகருப்பா, நான் பாத்துக்கிறேன்" என்று தீப்பெட்டியை வாங்கிக்கொள்வார். இல்லாவிட்டால் பாட்டிலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கொண்டுவருவார். இரண்டும் தவறு. இரண்டாவது ஆபத்தும்கூட, ஏனென்றால் அணைந்தது போல் கிடக்கும் தணலில் எண்ணெய் ஊற்றினால் ஆவி குப்பென்று பற்றி முகத்தில் அடிக்கும். பயிற்சி பெற்றவர் மூன்று மீட்டர் தள்ளி நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பார், அதுவும் அணித்தலைவரிடம் மட்டும்: "தம்பி, இந்தக் கட்டையப் பிளந்தா உள்ள எப்படி இருக்கும்?" பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும். தோப்பில் பன்னாடை கிடக்கிறது, சிரட்டை கிடக்கிறது, காய்ந்த பாளை கிடக்கிறது. பன்னாடை மேல் தீக்குச்சித் தடிமனில் ஒரு பிடி, அதன் மேல் பென்சில் தடிமனில், பிறகு கட்டைவிரல் தடிமனில். சிரட்டை பற்றிக்கொண்டால் ஈர விறகும் எரியும். சாப்பாடு முக்கால் மணி நேரம் தாமதமாகும். அதற்காகவே அன்றைக்கு அட்டவணையில் வேறெதையும் வைக்காதீர்கள்.

அளவுகளையும் அணித்தலைவரே கணக்கிடட்டும். 8 பேருக்கு ஒரு வேளைக்கு அரிசி 1 கிலோ, துவரம்பருப்பு 300 கிராம் என்று தொடங்கி, மிஞ்சியதையும் போதாததையும் அவரே குறித்துவைக்கட்டும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு வெயில் நாளில் குடிக்க மட்டும் ஆளுக்கு 3 லிட்டர். 48 பேருக்கு 144 லிட்டர். தோப்புக் கிணற்றில் இறைத்து அதைக் காய்ச்சி ஆறவைக்க எத்தனை அண்டா, எத்தனை மணிக்கே தொடங்க வேண்டும் என்பது பயிற்சி நாளில்தான் பிடிபடும்.

தலைகளை எண்ணுவதும் பழக்கம்தான். பெரியவர் விரல் நீட்டி 48 வரை எண்ணினால் நடுவில் ஒருவன் நகர்வான், எண் தப்பும். அணித்தலைவர் தன் 8 பேரையும் பார்த்து "முழு அணி" என்றோ "ஒருவர் குறைவு, கழிப்பறையில்" என்றோ சொன்னால் 6 குரலில் கணக்கு முடிந்தது. வண்டியில் ஏறுமுன், இறங்கியதும், தண்ணீரை விட்டு வெளியே வந்ததும், படுக்குமுன், எழுந்ததும். பயிற்சி இரவில் ஒருவரை வேண்டுமென்றே ஒளித்துவைத்துப் பாருங்கள், எத்தனை நிமிடத்தில் தெரியவருகிறது என்று.

இந்த வழிக்கும் குறை உண்டு. வெளிக்கண் இல்லை. அமைப்புக்குள் ஊறிப்போன தவறுகள் அப்படியே அடுத்த தலைமுறைக்கு இறங்கும். மூத்தவர் ஒருவர் பாம்புக்கடிக்கு மேலே துணி கட்டச் சொல்லிப் பத்து ஆண்டாகக் கற்பித்துவந்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். அதனால்தான் இருவர் வெளியே போய் 7 நாள் இருந்துவர வேண்டும், நால்வர் முதலுதவி படித்துவர வேண்டும். சொந்தப் பயிற்சி மட்டுமே போதும் என்று சொல்ல முடியாது.

எந்த வழியில் போனாலும் ஒருவருக்கும் விலக்கில்லாத ஒன்று பிள்ளைகளின் பாதுகாப்பு. ஒன்றரை மணி நேரம், 8 பெரியவர்களும் ஒரே அறையில். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நடந்திருக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று தெரிந்தவர் யாராயினும் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ சொல்ல வேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டத்தின் 19வது பிரிவு. சொல்லாமல் விட்டால் 21வது பிரிவின்படி தண்டனை. "தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன்" என்பதோடு கடமை தீராது. பிள்ளைகளுக்கும் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லிவைக்க வேண்டும். பெரியவர் பிள்ளைகளின் கூடாரத்தில் படுப்பதில்லை, இரவில் கழிப்பறைக்குப் பிள்ளைகள் மூவராகப் போவார்கள், ஒரு பிள்ளையோடு தனியே பேச வேண்டுமென்றால் மற்றவர் கண்ணில் படும் இடத்தில். அமெரிக்கச் சாரணர் அமைப்பில் எந்த நிகழ்ச்சிக்கும் 21 வயது நிறைந்த பதிவு பெற்ற இருவர் இருந்தே ஆக வேண்டும். நாமும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

56ஐப் பிரித்தால்

இருவர் 7 நாள் சாரண அடிப்படைப் பயிற்சிக்கு: 14. நால்வர் 2 நாள் முதலுதவிக்கு: 8. மூவர் 2 நாள் இடம் பார்த்துவர: 6. பதினான்கு பேரும் 2 நாள் ஒன்றாக: 28. கூட்டினால் 56.

இடம் பார்க்க 6 ஆள்நாளா என்று கேட்பார்கள். அந்த மூவரில் ஒருவர் முதலுதவி படிக்கப் போகிறவராக இருக்கட்டும். அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போய் நேரத்தைக் குறிக்க வேண்டும், பகலில் ஒரு முறை, இருட்டில் ஒரு முறை. விஷமுறிவு மருந்து கையிருப்பு உண்டா என்று நேரில் கேட்க வேண்டும். எந்த மூலையில் போன் சிக்னல் கிடைக்கிறது, எந்த மரத்தில் மலைத்தேனீக் கூடு தொங்குகிறது, ஓடைக்கு மேலே அணையோ ஏரிக் கலங்கலோ இருக்கிறதா, மேலே மழை பெய்தால் கீழே தண்ணீர் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவர வேண்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. அருவியில் நிற்பவருக்கு மேலே மலையில் பெய்யும் மழை தெரியாது.

சாரணப் பயிற்சி நடக்கும் தேதி நம் கையில் இல்லை, ஆகவே அதை முதலில் முடித்துவிட வேண்டும். இடம் பார்ப்பது முகாமுக்கு 6 வாரம் முன்பு. அதற்கும் முன்னால் போனால் தண்ணீர் நிலவரம் மாறிவிடும். முதலுதவி 4 வாரம் முன்பு. அணித்தலைவர் வார இறுதி 2 வாரம் முன்பு. இன்னும் நெருக்கத்தில் வைத்தால் அதில் வெளிவரும் கோளாறுகளைச் சரிசெய்ய நேரமிருக்காது. அவகாசம் மொத்தமே 3 வாரம்தான் என்றால் சாரணப் பயிற்சியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள், கயிறு சம்பந்தப்பட்ட எதையும் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள், இரண்டு இரவை ஓர் இரவாக்குங்கள். இடம் பார்ப்பதையும் அணித்தலைவர்களின் அந்த ஓர் இரவையும் மட்டும் தொடாதீர்கள்.